காற்றுலை தந்த உருக்கு

மீரியபெத்தத் தோட்டத்திலிருந்து கொஸ்லந்தை வழியாகப் பெரகலை நோக்கி மேற்கே செல்வோர்க்கு வலப்புறத்தே மலைச்சுவரும் இடப்புறத்தே ஆழ்ந்த சமவெளியும் தொடர்ந்து வரும். மத்திய மலைநாட்டின் தென்விளிம்பு இதுவே. ஆனி, ஆடி மாதங்களில் இவ்விளிம்பிலே வீசும் காற்றின் வேகத்தைப் புதிதாக வந்தோர் கண்டு அஞ்சுவர். தென்மேற்றிசையிலிருந்து வரும் இப்பருவக்காற்றை யாழ்ப்பாணத்தார் சோழகம் என்பர். மட்டக்களப்பார் கச்சான் என்பர். லயத்துக் கூரைத் தகரத்தின்மீது கல் ஏற்றி வைத்திருக்கும் தோட்டத்து மக்களுக்கு அது தொல்லை தரும் காற்று. ஆயினும் இதே விளிம்பின் மேற்குப் பகுதியிலே, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், இக்காற்றை எதிர்நோக்கிக் காத்திருந்து, அதன் வலியைக் கொண்டே இரும்பும் உருக்கும் செய்தவர் இருந்தனர். அவர்தம் தொழிலையும், அத்தொழிலின் பயனாகிய உருக்கு ஏன் வலிமையுடையதாயிற்று என்பதற்கு இருபதாம் நூற்றாண்டு கண்ட விடையையும் ஈண்டு ஆராய்வாம்.

ஊவா மாகாணத்தின் மேற்கெல்லைக்கு அப்பால், சப்பிரகமுவ மாகாணத்திலே, வளவை கங்கையை மறித்து அமைந்தது சமனலவெவ நீர்த்தேக்கம். மின்னாக்கத்தின் பொருட்டு எழுந்த அவ்வணை 1992ஆம் ஆண்டில் நிறைவுற்றது. நீர் நிரம்புமுன் அப்பள்ளத்தாக்கிலுள்ள தொல்பொருள்களைக் கணக்கெடுத்தல் வேண்டுமென்று கருதி, 1980களின் இறுதியில் ஆய்வொன்று தொடங்கப்பெற்றது. அவ்வாய்வில் ஈடுபட்ட ஆங்கிலத் தொல்லியலாளர் ஜில் ஜூலெவ் என்னும் அம்மையார், குன்றுகளின் மேற்கு நோக்கிய சரிவுகளிலே இரும்புக்கிட்டமும் உடைந்த ஊதுகுழல்களும் குவிந்து கிடப்பதைக் கண்டார். ஓரிடத்தன்று, ஈரிடத்தன்று, எழுபத்தேழு இடங்களிலே இத்தகைய உலைகளின் தடம் அறியப்பட்டது. அவை எல்லாம் மேற்றிசையையே நோக்கி நின்றமை அவருக்கு வியப்பளித்தது. காட்டிலே உலை அமைப்போர் நீரும் மரமும் மண்ணும் கிடைக்குமிடத்தை நாடுவரேயன்றி, காற்றடிக்கும் மேட்டுவிளிம்பை நாடுதல் இயல்பன்று. காரணம் காற்றாகவே இருத்தல் வேண்டும் என அவர் துணிந்தார்.

அத்துணிவை அறிஞர் உலகம் எளிதில் ஏற்கவில்லை. இரும்புத் தாதை இரும்பாக்குவதற்கு இடையறாத வெப்பம் வேண்டும். இயற்கைக் காற்றோ ஒருகால் எழும், ஒருகால் விழும். அதனை நம்பி உலை நடத்தல் இயலாது. ஆகவே துருத்தியின்றி நல்லிரும்பு இல்லை என்பதே அந்நாள்வரை நூல்களிற் கண்ட கொள்கை. இலங்கையின் இரும்புத்தொழிலைப்பற்றி எழுதிய முன்னோரும் துருத்தி உலைகளையே கண்டு எழுதினர். கண்டி இராச்சியத்திலே நெடுநாட் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலும் இரும்பு உருக்கும் முறை கூறப்பட்டுள்ளது. காற்றுலையின் நினைவு அதற்கும் முன்னரே நாட்டிலிருந்து மறைந்துவிட்டது போலும்.

வாதத்தால் தீராத வழக்கைச் செயலால் தீர்த்தார் ஜூலெவ். அகழ்ந்து கண்ட உலைகளின் அளவிலேயே புதிய உலைகளை அமைத்து, 1994ஆம் ஆண்டிற் பருவக்காற்று வீசும் காலத்திலே எரியூட்டினார். உலையின் பின்சுவர் கல்லும் களிமண்ணும் கொண்டு நிலையாக வளைத்துக் கட்டப்பட்டது. முன்சுவர் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுப்பப்படும். ஏறக்குறைய இரண்டு மீற்றர் நீளமுடைய அச்சுவரின் அடியிலே ஊதுகுழல்கள் வரிசையாகப் பதிக்கப்படும். காற்று நேரே குழல்களுட் புகுந்து எரிக்கும் என்றே யாரும் எண்ணுவர். உண்மை அதனினும் நுட்பமானது. முன்சுவரின் விளிம்பைத் தாண்டி வேகமாக மேலெழும் காற்று, அவ்விளிம்புக்கு உட்புறத்தே அமுக்கம் குறைந்த பகுதியொன்றைத் தோற்றுவிக்கின்றது. அக்குறையமுக்கம் கீழேயுள்ள குழல்களின் வழியாக வளியை உள்ளே இழுக்கின்றது. அதாவது, காற்று உலையை ஊதுவது பாதி, உறிஞ்சுவது பாதி. இதனாலேதான் காற்றின் ஏற்றத்தாழ்வு உலைக்குட் பெரிதும் தாக்கவில்லை. ஓட்டின்மீது பெருங்காற்று வீசும்போது ஓடு உள்நோக்கி அமுங்காமல் மேல்நோக்கிப் பெயர்வதைக் கண்டவர்க்கு இது விளங்காத செய்தியன்று.

சோதனையிற் கிடைத்த உலோகத்திலே தேனிரும்பு மட்டுமன்றிக் காபன் மிகுந்த உருக்கும் இருந்தது. இம்முடிவுகள் 1996ஆம் ஆண்டில் நேச்சர் என்னும் அறிவியல் இதழில் வெளிவந்தன. கரித்துண்டுகளின் காலக்கணிப்பு இவ்வுலைகளை கி.பி. ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரைக்கு உரியனவாகக் காட்டிற்று. அனுராதபுர அரசின் பிற்காலமும், சோழர் ஈழநாட்டை ஆண்ட காலமும் இவ்வெல்லைக்குள் அடங்கும். பாக்தாது நகரிலே ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்-கிந்தி என்னும் அரபு அறிஞர் வாள்களைப் பற்றி எழுதிய நூலிலே, சரந்தீபத்து உருக்கையும் குறிப்பிட்டுள்ளார். சரந்தீபம் என அரபியர் வழங்கியது இலங்கையையே. அவர் குறிப்பிட்ட உருக்கு எம்மலையிற் பிறந்தது என்னும் வினாவுக்குச் சமனலவெவச் சரிவுகளை ஒரு விடையாக நிறுத்தினார் ஜூலெவ்.

இங்கே ஒரு வேறுபாட்டை அறிதல் நன்று. பண்டை உலகின் பெரும்பகுதியிலே இரும்பு உருகிய நிலையிற் பெறப்பட்டதன்று. தாதிலுள்ள ஒட்சிசனைக் கரி கவர்ந்து கொள்ள, இரும்பு திண்மமாகவே கிட்டத்தோடு கலந்த பஞ்சுபோன்ற கட்டியாகத் திரளும். அதனைச் சம்மட்டியால் அடித்து அடித்துக் கிட்டத்தை வெளியேற்றுவர். தூய இரும்பு உருகுதற்கு 1538 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். அவ்வெப்பம் அவர்தம் உலைக்கு எட்டவில்லை. தென்னிந்தியரும் ஈழத்தவரும் நடு ஆசியரும் வேறொரு வழியைக் கண்டனர். இரும்புத் துண்டையும் மரச்சிம்பையும் களிமண் மூசையிலிட்டு, வாயை மண்ணால் மூடி, நெடுநேரம் எரித்தனர். மரம் கரியாகி, அக்கரி இரும்பினுட் புக, உருகுநிலை தாழ்ந்தது. நூற்றுக்கு 1.5 பங்கு காபன் சேர்ந்த இரும்பின் உருகுநிலை, தூய இரும்பினதைக் காட்டிலும் ஏறக்குறைய நூறு பாகை குறைவாகும். மூசைக்குள் இரும்பு முற்றாக உருகி, கிட்டம் நீங்கி, ஒரே தன்மையுடைய கட்டியாக உறைந்தது. தமிழ் இதற்கு இட்ட பெயர் உருக்கு என்பது. உருக்கிச் செய்தமையால் உருக்கு. பெயரிலேயே செய்முறை அடங்கியிருக்கின்றது. கன்னடத்து உக்கு என்னும் சொல்லே ஐரோப்பியர் வாயிற் பட்டு வூட்சு எனத் திரிந்தது என்பர்.

தமிழ்நாட்டிலே இத்தொழிலுக்குச் சான்று பல உள. நொய்யலாற்றங்கரையிலுள்ள கொடுமணலில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985ஆம் ஆண்டு முதல் நடத்திய அகழ்வுகளில் இரும்புலைகளும் மூசைகளும் வெளிப்பட்டன. தென்னார்க்காட்டு மேல்சிறுவலூரிலே மூசைச் சில்லுகளைக் கண்டு ஆராய்ந்தவர் சாரதா சீனிவாசன் என்னும் அறிஞர். சேலம் மாவட்டத்து உருக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் புகழோடு இருந்தது. மூசையில் இடுவதற்கு அவ்விடத்தார் தேர்ந்த மரம் ஆவாரை. மேலே மூடுவதற்கு எருக்கிலை. பரங்கிப்பேட்டையிலே 1830இல் இரும்பாலை நிறுவிய ஜோசையா ஹீத்து என்பார் இம்முறையை எழுதி வைத்தார்.

ஈழத்திலே இதனைக் கண்ணாற் கண்டு எழுதி வைத்தவர் நம்மவரே. சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தராகிய ஆனந்த குமாரசுவாமி, கலைவரலாற்றாசிரியராகப் புகழ் பெறுமுன் நிலவியலாளராகப் பணிபுரிந்தவர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராக இருந்த அவர், பலாங்கொடைப் பக்கத்து அலுத்நுவரவிலே, அத்தொழிலை அறிந்து எஞ்சியிருந்த சிலரைக் கொண்டு இரும்பும் மூசை உருக்கும் செய்வித்துப் பார்த்தார். காலால் மிதிக்கும் தோற்றுருத்தியும், களிமண் மூசையும், ஆவாரைச் சிம்பும் அவர்தம் குறிப்பில் இடம்பெற்றன. சிங்களவர் இரணவரா என்பதும் நாம் ஆவாரை என்பதும் ஒரே செடியே. பாக்கு நீரிணையின் இருகரையிலும் ஒரே மரத்தை ஒரே பணிக்குத் தேர்ந்தமை தற்செயலாக நிகழ்ந்திராது என்பது என் கருத்து. 1908இல் வெளிவந்த அவருடைய இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் இச்செய்தி பதிவாயிற்று. அவர் சில ஆண்டு பிந்தி வந்திருப்பின் காட்டுவதற்கு ஆளின்றிப் போயிருக்கும்.

நான்கு ஆண்டு கழிந்து, 1912இல், மங்கனீசு உருக்கைக் கண்ட சேர் றொபேட் ஹட்பீல்டு கொழும்பு நூதனசாலையிலிருந்த பழம்பொருள்களை ஆராய்ந்து இலண்டன் றோயற் சங்கத்துக்குக் கட்டுரை அளித்தார். அவற்றுள் சிகிரியாவிற் கிடைத்த ஐந்தாம் நூற்றாண்டு உளியொன்று குறிப்பிடத்தக்கது. அதன் மேற்பரப்பிலே கரியூட்டப்பட்டதற்கு அவர் சான்று கண்டார். தொழிலாளி உளியின் உள்ளகத்தை மென்மையாகவும் புறத்தைக் கடினமாகவும் ஆக்க அறிந்திருந்தான். உடையாமல் வெட்ட வேண்டிய கருவிக்கு இவ்விரண்டும் வேண்டும்.

கருவி ஏன் உடையாமல் வெட்டுகின்றது? இவ்வினாவைத் தொடுத்தவருள் மைக்கேல் பரடே முதன்மையானவர். கொல்லன் ஒருவரின் மகனாகிய அவர், 1819இல் இந்திய உருக்கைப் பகுத்தாராய்ந்து, அதன் சிறப்புக்கு அலுமினியமும் சிலிக்காவும் காரணமென்று கருதினார். அது பிழை. காரணம் காபனே என்பதைச் சில ஆண்டிற்குள் பாரிசிலே பிரயான் என்பவர் உணர்ந்தார். ஆனாற் பரடேயின் பிழை பயனற்றதாகவில்லை. கத்தி செய்பவராகிய ஸ்ரொடாட்டு என்பாரோடு கூடி 1820, 1822ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட கலப்புருக்கு ஆய்வுகள் பின்வந்த ஒரு துறைக்கே தொடக்கமாயின.

எனினும் எந்தப் பொருள் கலந்திருக்கின்றது என்பது பாதி விடையே. அப்பொருள் எவ்வாறு அடுக்கப்பட்டிருக்கின்றது என்பது மறுபாதி. உலோகம் பளிங்குகளின் கூட்டம். ஒவ்வொரு பளிங்கினுள்ளும் அணுக்கள் படைபடையாக ஒழுங்குற நிற்கின்றன. உலோகம் வளையும்போது ஒரு படை மற்றொன்றின்மேல் வழுக்குகின்றது. ஒரு படை முழுவதும் ஒரே கணத்தில் வழுக்குவதாயிற் பெருவிசை வேண்டும். அளந்து கண்ட விசையோ மிகச் சிறிது. இப்புதிரை 1934இல் தெயிலர், ஒரோவான், பொலானி என்னும் மூவர் தனித்தனியே விடுவித்தனர். படை முழுவதும் ஒருங்கே நகர்வதில்லை. ஒழுங்கு குலைந்த ஒரு கோடு பளிங்கினூடே ஊர்ந்து செல்கின்றது. மழைக்காலத்துத் தேயிலை மலையிலே காலில் ஏறும் அட்டை உடலின் ஓரிடத்தைச் சிறிதே வளைத்து வளைத்து முன்னேறுவது போன்றது அது. அக்கோட்டைப் பெயர்ச்சிக்கோடு எனலாம். அது தடையின்றி ஊர்ந்தால் உலோகம் மென்மை; தடைப்பட்டால் வன்மை.

வழுக்குதல், சரிதல் என்னும் சொற்களை மீரியபெத்த மக்கள் முன்னிலையில் உவமைக்காக எளிதில் எடுத்தாள மனம் ஒப்பவில்லை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் இம்மலையின் சரிவு இறங்கி லயங்களை மூடியதும், பலர் மண்ணுள் மறைந்ததும், முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தும் குடிகள் அங்கேயே இருக்க நேர்ந்ததும் நாடறிந்தவை. ஆயினும் இதே மலை வேறோர் உவமையையும் தருகின்றது. தேயிலைச் சரிவிலே குறுக்கே வெட்டும் கான்களை நோக்குக. மேலிருந்து வரும் நீர் ஒவ்வொரு கானிலும் நின்று திசைமாறுகின்றது. கான்கள் நெருங்கியிருப்பின் நீர் வேகம் பெறுமுன் தடைப்படும்; அகன்றிருப்பின் மண்ணை வாரிச் செல்லும். பளிங்குகளின் எல்லைகள் உலோகத்தின் கான்கள். ஒரு பளிங்கிலே ஊர்ந்துவரும் பெயர்ச்சிக்கோடு எல்லையை அடைந்ததும் நிற்கும். அப்பாலுள்ள பளிங்கின் படைகள் வேறு திசையில் அமைந்தமையால் அதனை உடனே கடத்தல் இயலாது. ஆகவே பளிங்கு சிறுத்தால் உலோகம் வலுக்கும். எவ்வளவு வலுக்கும் என்பதை 1951இல் ஹோல் என்பவரும் 1953இல் பெற்சு என்பவரும் அளந்தறிந்தனர். பளிங்கின் குறுக்களவு நாலில் ஒன்றாகக் குறைந்தால் எல்லைகளாற் சேரும் வலிமை இரட்டிக்கும். நூறில் ஒன்றாகக் குறைந்தால் பதின்மடங்காகும்.

இவ்விதியைப் பின்பற்றி உலோகவியலார் பளிங்கை மேலும் மேலும் சிறுப்பிக்க முயன்றனர். மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு நனோமீற்றர் எனப்படும். நூறு நனோமீற்றருக்குக் குறைந்த அமைப்புடைய உலோகங்களையே இன்று நனோ உலோகம் என்கின்றனர். ஆனால் இவ்விதிக்கும் எல்லையுண்டு. பத்து, இருபது நனோமீற்றர் அளவுக்குக் கீழே சென்றால் எல்லைகளே வழுக்கத் தொடங்கி, உலோகம் மீண்டும் மென்மையுறும். அன்றியும், எல்லாத் தடையும் இட்டு இறுக்கிய உலோகம் சிறிதும் வளையாது சட்டென முறியும். கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்திலே இந்திய மரபினராகிய ஹரி பதேசியாவும் அவர் குழுவினரும் கண்ட உருக்கு இவ்விடரைக் கடந்த முறை நோக்கத்தக்கது. காபன் மிகுந்த உருக்கை ஏறக்குறைய 200 பாகை செல்சியசு என்னும் தாழ்ந்த வெப்பத்திலே நாட்கணக்கில் வைத்தனர். அவ்வெப்பத்தில் அணுக்கள் தொலைதூரம் செல்ல இயலாமையால், 20 முதல் 40 நனோமீற்றர் தடிப்புடைய மெல்லிய தகடுகள் தோன்றி, அவற்றினிடையே மென்மையான படலமும் எஞ்சிற்று. கட்டடங்களுக்குப் பயன்படும் பொது உருக்கைக் காட்டிலும் ஏறக்குறைய ஐந்து மடங்கு வலிமை அதற்கு உண்டு. விலையுயர்ந்த பொறியோ அரிய உலோகமோ அதற்குப் பெரிதும் வேண்டியதில்லை, பொறுமை வேண்டும். தமிழ்நாட்டுக் கல்பாக்கத்து அணுவாராய்ச்சி நிலையத்தார் வேறொரு வழியிற் செல்கின்றனர். சில நனோமீற்றர் அளவான இத்திரியம் ஒட்சைட்டுத் துகள்களை உருக்கினுள்ளே தூவி, பெயர்ச்சிக்கோடுகளை வழிநெடுக மறிக்கின்றனர். கொதிக்கும் வெப்பத்திலும் இத்தடைகள் கரைவதில்லை.

இனிப் பழைய உருக்குக்கு மீள்வாம். தென்னாட்டு உருக்குக் கட்டிகளைக் கொண்டு மேலையாசியக் கொல்லர் அடித்த தமாசுக்கு வாளின் மேனியிலே ஓடும் நீரலை போன்ற வரிகள் தோன்றும். ஜோன் வெர்கோவன் என்னும் உலோகவியலாரும் ஆல்பிரெட்டு பெண்ட்ரே என்னும் கொல்லரும் பல்லாண்டு கூடி உழைத்து, அவ்வரிகளைத் தாமே தோற்றுவித்துக் காட்டினர். தாதிலே இயல்பாகக் கலந்த வனேடியம் போன்ற பொருள்கள், நூறாயிரத்துக்கு நாலு பங்கு என்னும் சிற்றளவிலும், காபைட்டுத் துகள்களை வரிசையிற் கூட்டுகின்றன என்பது 1998இல் அவர்தம் முடிபு. 2006ஆம் ஆண்டில் திரெசுடன் நகரத்துப் பேராசிரியர் பௌவிலரின் குழுவினர், பதினேழாம் நூற்றாண்டு வாளொன்றின் துணுக்கை அமிலத்திலே கரைத்து இலத்திரன் நுணுக்குக்காட்டியால் நோக்கி, காபன் நனோக்குழாய்களையும் அவற்றுட் பொதிந்த காபைட்டு நனோக்கம்பிகளையும் கண்டதாக அறிவித்தனர்.

அன்றுதொட்டு, நம் முன்னோர் நனோத் தொழினுட்பம் அறிந்திருந்தனர் என்று மேடைதோறும் முழங்குவோர் பெருகினர். அதனை நான் ஏற்கேன். கண்டது ஒரு வாளின் துணுக்கிலே. அக்குழாய்களால் வாளின் வலிமை மிகுந்தது என்பது நிறுவப்பட்டதன்று. அறிஞருள் ஐயுறுவாரும் உளர். ஆனால் மறுதலையாக, அவர்கள் அறியாமலே செய்தனர், ஆகவே அது அறிவன்று என ஒதுக்குவதும் நேர்மையாகாது. எத்தாது, எம்மரம், எத்துணை நேரம், எவ்வளவு மெல்ல ஆற்றுவது, எந்நிறத்துச் சூட்டில் அடிப்பது என்பவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தோர், காரணம் அறியாவிடினும் காரியத்தின் எல்லைகளை அறிந்திருந்தனர். ஐரோப்பியக் கொல்லர் அதே உருக்கைத் தம் வழக்கப்படி மிகக் காய்ச்சி அடித்தபோது அது நொறுங்கியது. ஒரு சூட்டின் நிறம் தெரியாமையே அதற்குக் காரணம். அந்நிறம் எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. கண்ணிலிருந்து கண்ணுக்கே சென்றது. கண் மூடியதும் அறிவும் மூடிற்று.

அக்கண்கள் மூடியதற்குக் காலமே காரணமன்று. இயந்திர உலைகளில் வடித்த மலிவான உருக்கு கப்பல்களில் வந்திறங்கிற்று. கரி சுடுவதற்குக் காடு வேண்டும். 1840ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை காட்டவியலாத காட்டுநிலங்களை முடிக்குரியனவாக்கிற்று. அக்காடுகள் அழிந்து கோப்பித் தோட்டங்களாயின. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களாயின. அத்தோட்டங்களில் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொணரப்பட்டோருள், உருக்குக்குப் பேர்பெற்ற சேலம் மாவட்டத்தாரும் இருந்தனர். உலை எரிந்த நாட்டிலிருந்து உலை எரிந்த நாட்டுக்கு வந்த அவர்தம் கையிலே சீமையில் வார்த்த கருவி கொடுக்கப்பட்டது.

கவ்வாத்துக் கத்தியை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தல் தகும். முதிர்ந்த தேயிலைக் கிளையை ஒரே வீச்சிற் பிளவின்றி அறுக்க வேண்டும். நார் கிழிந்தாற் செடி அழுகும். ஆகவே விளிம்பு கடினமாகவும் முதுகு வளைந்து கொடுப்பதாகவும் இருத்தல் வேண்டும். சிகிரியா உளிக்கு வேண்டியிருந்ததும் இதுவே. சாணைக்கல்லிலே கத்தியைத் தீட்டும் முதியவர், நல்ல கத்தியையும் தீய கத்தியையும் கல்லில் எழும் ஓசையாலேயே பிரித்துச் சொல்வதை நான் கேட்டிருக்கின்றேன். கல்லூரி ஆய்வுகூடத்திலே வன்மைமானி கொண்டு நாம் பெறும் எண்ணும் அவர் சொல்லும் பெரும்பாலும் முரண்படுவதில்லை.

சமனலவெவ உலைகளுட் பல இன்று நீரின்கீழ் உள்ளன. மேட்டிலுள்ளவற்றின் மீது இலுக்கும் புதரும் படர்ந்துவிட்டன. ஆனி பிறந்ததும் காற்று மட்டும் தவறாது வந்து, மேற்கு நோக்கிய அச்சரிவுகளில் மோதி மேலெழுகின்றது.